நார்மல் ஒன்று

ஓய்வு பெறும் நாளில் மரபணு விஞ்ஞானி தன் ஆழ்குளிர்ப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருக்கிறார். திறந்த கதவிலிருந்து வெண்புகை வழிந்து அவர் செருப்பைத் தொடுகிறது. அவர் வாங்கிய விருதுகளை யாரோ ஏற்கெனவே அட்டைப்பெட்டியில் அடைத்துவிட்டார்கள். ஒரு சிறு குழாயின் உறைபனியைக் கையுறை விரலால் துடைக்கிறார். 'நார்மல் 1' என்று அவருடைய கையெழுத்து. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ரத்தம் தேவைப்பட்டபோது, கணவர்தான் சட்டைக் கையைச் சுருட்டினார். அப்புறம் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், "நான் நார்மல்னு நீயே எழுதி ஒட்டியிருக்கே, ஞாபகம் வெச்சுக்கோ" என்பார். இளம் ஆய்வாளர் ஒருத்தி கழிவுப் பையை விரித்துப் பிடிக்கிறாள். "அதையும் போட்டுடுங்க மேடம். இனிமே யாருக்கு வேணும்?" "கொஞ்சம் இரும்மா." விஞ்ஞானி கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கைக்குள் குழாயைப் பொத்திக்கொள்கிறார். மாதிரியை உருகவிட்டதற்காக எத்தனை மாணவர்களை அழவைத்தவர்! விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுகிறது. "மேடம், கை மரத்துடும்." காதில் வாங்காமல் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்க்கிறார். கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. உள்ளே சிவப்பு அசைகிறது.