எழுத்துக்கு இரண்டு மதிப்பெண்

எட்டாவது எட்டிலும் கோடு உதறியது.

வெண்டல் பேனாவைத் தாளிலிருந்து எடுத்து, எதிரே நின்ற ஜோலீனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்தார். லைசென்ஸ் வாங்க வண்டியில் எட்டு போடுவார்களே, அந்த எட்டுதான். எந்தப் புதுப்பேனாவிலும் அவர் முதலில் போடுவது அதைத்தான். நல்ல நிப் வளைவில் வழுக்கிக்கொண்டு போகும். இது போகவில்லை.

அமெரிக்காவில், கொலம்பஸ் நகரத்துப் பேனாக் கண்காட்சியில், ஓட்டல் கூடத்தின் மூலை மேசையில், இருபத்திரண்டு வருடமாக மதிப்பெண் போடுகிறவர் அவர். தோற்றத்துக்குப் பத்து, பிடிப்புக்குப் பத்து, எழுத்துக்குப் பத்து. சாயங்காலம் அதை இணையத்தில் போடுவார். பிறகு அந்தப் பேனா விற்பதும் தூங்குவதும் அவர் போட்டதைப் பொறுத்தது.

ஜோலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, ஏழு மாதம் கராஜிலேயே கிடந்து செய்த பேனா இது. கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

தோற்றம் ஒன்பது. செர்ரிப் பழ நிறத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பிடிப்பும் ஒன்பது. மூடியைப் பின்னால் செருகினாலும் எடை கைக்குள் அடங்கி உட்கார்ந்தது. இவ்வளவும் செய்துவிட்டு நிப்பில் கோட்டைவிட்டாளே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஒன்றிரண்டு வருடமாகவே இப்படித்தான். வருகிற பேனாவெல்லாம் திக்குகிறது. ஒருத்தருக்கும் நிப் தீட்டத் தெரியவில்லை.

“என்னம்மா இது, மணல்ல எழுதுற மாதிரி இருக்கு?”

“காலைலேர்ந்து நாப்பது பேரு எழுதிப் பாத்துட்டாங்க வெண்டல். ஒருத்தரும் அப்படிச் சொல்லல.”

“அவங்கல்லாம் சொந்தப் பேரை எழுதிட்டுப் போறவங்க. எட்டு போட்டுப் பாரு, வண்டவாளம் தெரியும்.”

அவள் பேனாவை வாங்கினாள். அவருடைய தாளிலேயே, அவருடைய எட்டுகளுக்குக் கீழே பத்து எட்டு போட்டாள். ஒரு பிசிறில்லாமல் வந்தன.

வெண்டலுக்கு ரோஷம் வந்துவிட்டது. லென்ஸை வைத்து நிப்பைப் பார்த்தார். பிளவு நேராக இருந்தது. இரண்டு முனையும் சமம்.

சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை உருவினார். முப்பது வருடமாக அவர் கைவாகுக்கென்றே தேய்ந்த நிப். மற்ற பேனாக்கள் இதற்கு எவ்வளவு கிட்டே வருகின்றன என்றுதான் அவர் அளப்பது. தாளைத் திருப்பிப் போட்டு, ஒரு எட்டு போட்டார்.

உதறியது.

இன்னொன்று போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பின்னால் யாரோ வரிசை நகரவில்லையே என்று முனகினார்கள்.

ஜோலீன் பக்கத்து மேசையின் மைப்புட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

எழுத்து என்ற கட்டத்தில் பத்து போட்டு, மதிப்பெண் அட்டையை அவளிடம் தள்ளினார். அவள் எடுத்துக்கொண்டு நகரப் போனாள்.

“இரும்மா.”

போன வருடம் இதே மேசைக்கு ராஸ்கோ என்றொருவன் தன் முதல் பேனாவைக் கொண்டுவந்திருந்தான். அன்றும் கோடு உதறியது. எழுத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டார். ‘இவர் இனி நிப்பைத் தொடாமலிருந்தால் உலகத்துக்கு நல்லது’ என்று இணையத்தில் ஒரு வரியும் சேர்த்தார். ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார்.

“ராஸ்கோ எந்த மேசைல இருக்கான்?”

ஜோலீன் கையிலிருந்த மதிப்பெண் அட்டையைப் பார்த்தாள்.

“அவன் வரல. போன வருஷத்தோட எல்லாத்தயும் விட்டுட்டான். இந்த ஒரு நிப்ப மட்டும் எனக்காகத் தீட்டிக் குடுத்தான். உங்ககிட்ட மட்டும் பேரைச் சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்.”