வாசலில் ஒரு ஜோடி

செருப்பு இன்னும் அங்கேதான் இருக்குமா? பால் காய்ச்சிக்கொண்டிருந்த செங்கமலத்தின் நினைப்பெல்லாம் மூடிய கதவுக்கு வெளியே இருந்தது. பேருந்து நிலையத்தில் பதினோரு வருடம், திருட்டுக்குப் பயந்து செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கியவள். இந்த அறைக்கு வந்த பிறகும் அது தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. தெருவிலிருந்து வந்தவர்களை வீட்டில் வாழப் பழக்கும் சிகிச்சையாளரான நஸ்ரின்தான் அதை வாரம் ஓரடியாக நகர்த்த வைத்தாள். பாய் ஓரத்துக்கு வந்தது, போன வாரம் கதவின் உட்புறம்வரை வந்தது. இன்று காலை செங்கமலம் தானாகவே அதை வெளியே வைத்திருந்தாள்.

கதவைத் தட்டிய நஸ்ரின், அந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"வெளிய விடச் சொன்னதே நான்தான்க்கா. ஆனா மாடியில நேத்து ரெண்டு ஜோடி காணாமப் போச்சாம். உள்ளயே வெச்சுக்கலாமே?"

செங்கமலம் செருப்பை வாங்கினாள். எதிர்வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து தன் வாசலிலேயே அதை நேராக வைத்தாள்.

"போனா போவுது கண்ணு. உள்ள ஆளு இருக்குன்னு தெரியட்டும். உன்னோடதையும் பக்கத்துல விட்டுட்டு வா, பால் பொங்குது."