சைரன் அடிக்கும் வரை

பேராசிரியர் மூன்றாவது முறையாக "இறுதியாக" என்றார்.

அவள் மேடையின் ஏழாவது நாற்காலியில் இருந்தாள். ஓரத்து நாற்காலி. வெளியாவது அவள் எழுதிய புத்தகம்தான்.

தோளில் பொன்னாடை. கழுத்து அரித்தது. யாரும் கழற்றாததால் அவளும் கழற்றவில்லை.

கடைசி வரிசையில் தேவக்கனி. மடியில் கட்டைப் பை. கைகள் முந்தானைக்குள். எத்தனை முறை சோப்பு போட்டாலும் இறால் வாடை போகாத கைகள்.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபது.

தேவக்கனியின் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஏழு நாற்பதுக்கு. மண்டபத்துக்கு எதிரில்தான் நிற்கும்.

ஒன்பது வருடமாக இறால் கம்பெனியில் இருவருக்கும் ஒரே மேஜை. எதிரெதிரே நின்று உரிக்கிறார்கள். கை ஐஸில் கிடக்கும். வாய் சும்மா கிடக்காது. தேவக்கனி கதை சொல்லுவாள். மதியச் சாப்பாட்டுக்குச் சைரன் அடிக்கும். எந்தச் சொல்லில் இருந்தாளோ அந்தச் சொல்லிலேயே நிறுத்திவிட்டுக் கையைக் கழுவப் போய்விடுவாள்.

மறுநாள் மிச்சத்தைக் கேட்டால் முறைப்பாள்.

"நேத்து உரிச்ச இறால இன்னைக்கும் உரிப்பியாட்டி?"

கேட்டவளுக்கு வீட்டுக்குப் போனால் விரல் மரத்திருக்கும். கையில் பேனா நிற்காது. டீ கிளாஸைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருப்பாள். அந்த அரை மணியும் கதையை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். விரல் மடங்கத் தொடங்கும்போது எந்த வரிகள் மிஞ்சியிருந்தனவோ அவற்றை மட்டும் எழுதினாள்.

சைரன் அடித்த இடத்தில் நிறுத்தினாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

"இந்தச் சொற்சிக்கனம், இந்தத் திடீர் முடிவு," என்றார் பேராசிரியர், "லத்தீன் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அம்மையார் ஆழ்ந்து வாசித்திருக்கிறார்."

கைதட்டினார்கள்.

அவளுக்குக் காது சுட்டது.

புத்தகத்தில் நன்றி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரே வரி. இந்தக் கதைகளைச் சொன்னது தேவக்கனி. அச்சாகி வந்தபோது அந்தப் பக்கம் இல்லை. பதிப்பாளரைக் கேட்டாள்.

"ஒரு பக்கம் கூடினா பதினாறு பக்க ஃபாரமே ஒண்ணு கூடும்மா. அடுத்த பதிப்புல போட்டுக்கலாம்."

பேராசிரியரின் முன்னுரை பதினொரு பக்கம்.

அதனால்தான் தேவக்கனியை வரச் சொன்னாள். மைக்கில் உங்க பேரைச் சொல்லுவேன் என்றாள்.

"சொல்லாம மட்டும் இரு. ஐஸ் பெட்டில போட்டு மூடிருவேன்" என்றாள் தேவக்கனி. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி வந்திருந்தாள்.

ஏழு மணிக்கே அவள் தொகுப்பாளருக்குத் துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டாள். நான் இப்போதே பேசிவிடட்டுமா. அவர் படித்தார். குனிந்து காதருகே வந்தார்.

"எழுதினவங்க கடைசியிலதானம்மா பேசணும். ஏற்புரைன்னா அப்படித்தான். ரெண்டு நிமிஷம் வச்சிருக்கேன்."

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏழு இருபத்தொன்பது.

"தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் பேராசிரியர். "ஒருத்தி மாமியார் வீட்டை வெளியிலிருந்து பூட்டுகிறாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கிறாள். பேருந்து வந்து நிற்கிறது. கதை முடிந்துவிட்டது. ஏறினாளா? ஏறவில்லையா? ஆசிரியர் சொல்ல மறுக்கிறார். என்ன ஒரு நவீன மனம்!"

மறுக்கவில்லை.

அன்றைக்குச் சைரன் அடித்துவிட்டது.

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். அடுத்த கதைக்குப் பக்கத்தைப் புரட்டினார்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. தேவக்கனி எழுந்துவிட்டாள். கட்டைப் பையை எடுத்துக்கொண்டாள். மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். போய்ட்டு வாரேன் என்கிற மாதிரி. பரவாயில்லை என்கிற மாதிரியும்.

அந்தப் பரவாயில்லையை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டாள். ஆறு நாற்காலிகளுக்கு முன்னால் நடந்தாள். தலைவரின் செருப்பைத் தாண்டினாள். தொகுப்பாளர் பாதி எழுந்து, "அம்மா, அம்மா" என்றார்.

பேராசிரியர் புன்னகையுடன் கொஞ்சம் நகர்ந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார் போல.

அவள் மைக்கைத் தன் பக்கம் வளைத்தாள்.

"சைரன் அடிச்சாச்சு சார்."

யாருக்கும் புரியவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் சிரித்தது. வாசல் பக்கம்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பேசினாள். இத்தனை நாள் மனப்பாடம் செய்த இரண்டு நிமிடத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் வந்தது.

"தேவக்கனியக்கா. இது பூரா ஒங்க கதை. அந்தப் பூட்டுனவ பஸ்ல ஏறுனாளா, இல்லியா?"

நாற்காலிகள் திரும்பின. அத்தனை தலைகளும் வாசலைப் பார்த்தன.

பேராசிரியரும் பார்த்தார். அவர் விரல் இன்னும் புத்தகத்துக்குள் இருந்தது.

எதிரில் பேருந்து வந்து நின்றது. ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

தேவக்கனி பையைக் கீழே வைத்தாள்.