காது வைக்கும் சுவர்

அக்கா சுவரில் காதை வைத்தாள்.

ஒலிக் கலைஞனான அவள் தம்பி கண்காட்சிக்கு வைத்த சுவர் அது. அவளை அவன் அழைக்கவே இல்லை. அழைப்பிதழை வீட்டார் கண்ணில் படாமல்தான் வைத்திருந்தான். அம்மா எப்படியோ மோப்பம் பிடித்து, அவளையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

கண்காட்சிக் கூடத்தின் நடுவே தனியாக ஒரு சுவர், வெள்ளையடித்து நின்றது. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. காதை ஒட்டினால்தான் உள்ளே புதைத்த ஒலிபெருக்கி கேட்கும். பக்கத்து அறையில் இருப்பதுபோல் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

குரல் கொடுத்தது ஒரு நாடக நடிகை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

கொடுத்தது அக்கா. கொடுத்த விஷயம் அவளுக்கே தெரியாது.

புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்த வாரம் அது. இருவர் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். புதிதாக வாங்கியிருந்த, சுவரில் ஒட்டும் மைக்கை அவன் ஒரு மதியம் சோதித்துக்கொண்டிருந்தான். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கிடைத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தான். கிடைத்தது இது.

அழித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்ததில் கண்காட்சித் தேதி வந்துவிட்டது.

விமர்சகர்கள் உருகிப்போனார்கள். குறுந்தாடிக்காரர் ஒருவர் சுவரைக் கட்டிப்பிடித்தபடி, இது சுவரே இல்லை என்றார். பின்னால் வரிசையில் நின்ற இருவர், ஆமாம், இல்லைதான் என்றார்கள்.

மகன் மைக்செட் வேலை பார்க்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவரும் அம்மா, காதை அரை நொடி வைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்கலியேடா. கரன்ட் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, பிஸ்கட் இருந்த மேசைப் பக்கம் நகர்ந்தாள்.

அக்கா நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

இப்போது கண்டுபிடித்துவிடுவாள். இதோ, இப்போது. எல்லோர் முன்னாலும் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டால்கூடப் பரவாயில்லை. அதையும் கலை என்று கைதட்டித் தொலைப்பார்களே என்பதுதான் அவன் பயம்.

பதிவு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகே அவள் காதை எடுத்தாள். கன்னத்தில் ஒட்டிய வெள்ளைத் தூளைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருடா இந்தப் பொண்ணு?"

"நடிகைக்கா. நாடகத்துல நடிக்கிறவங்க."

"அதானே பார்த்தேன்." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நல்லாத்தான் அழறா. ஆனா இவ்ளோ நேரம் அழறவ, வீட்ல யாரையாவது ஒருதரம் கூப்பிட்டுப் பார்க்க மாட்டாளா?"

அவள் அம்மாவைத் தேடிப் போய்விட்டாள்.

மொத்தப் பதிவிலும் அவன் வெட்டி எடுத்தது ஒரே ஓர் இடத்தைத்தான். அழுகை நின்று, விரலால் மெல்லச் சுவரைத் தட்டி, "தம்பி, இருக்கியாடா?" என்று அவள் கேட்ட இடம்.

நாற்காலி கிறீச்சிட்டால் பதிவு கெட்டுவிடுமே என்று அவன் அப்போது மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தான்.