மூன்று டம்ளர்

“அன்னைக்கு ஆத்திரத்துல வாய் நீண்டுருச்சுங்க சார். மனசுல வச்சுக்காதீங்க” என்று ஜோதிமணி ஆவி பறக்கும் டம்ளரை நீட்டினாள். தலைமையாசிரியர் திருமலைச்சாமிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

போன வாரம் இதே ஜோதிமணிதான் பள்ளிக்கூட வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “எம்புள்ளய அழ வச்ச ஒங்கள ஊரு முன்னாடி தலகுனிய வைக்கல, நான் ஜோதிமணி இல்ல!” பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த மலையூர்ப் பள்ளியில் இருப்பது ஒரே கழிப்பறை, யாரோ ஒரு புண்ணியவான் போன வருஷம் கட்டிக் கொடுத்தது. பிள்ளைகள் நாசமாக்கிவிடுவார்கள் என்று திருமலைச்சாமி அதைப் பூட்டிச் சாவியைத் தன் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆசிரியர்கள் கேட்டால் திறப்பார். பெண்பிள்ளைகள் காட்டுமாடு மேயும் தைலமரக் காட்டுக்குப் போய்வந்தார்கள்.

ஜோதிமணியின் மகள் தேவசேனா, எட்டாம் வகுப்பு, ஒருநாள் துணிந்து சாவி கேட்டாள். “மகாராணிக்கு பாத்ரூம் வேணுமாம்ல!” என்று அவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பள்ளிக்கு வந்தாள். கொஞ்ச நாளில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள். இனிப் பள்ளிக்கூடம் இருக்கும் திசைக்கே வரமாட்டேன் என்கிறாள்.

அவளைப் பெற்றவள்தான் இப்போது பிளாஸ்க்கோடு வந்து நிற்கிறாள். அதுவும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கல்வி அதிகாரி வருகிற நாளில். பயந்துவிட்டாள் கழுதை என்று திருமலைச்சாமி உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார்.

“சுக்குக் காப்பி நல்லாருக்கே! கருப்பட்டி போட்டதா?”

“ஆமாங்க சார். வீட்டுல தெனம் ரெண்டு வேள காய்ச்சுறதுதான். இன்னொரு டம்ளர் குடிங்க, குளிருக்கு எதமா இருக்கும்.”

குடித்தார். “மக எப்படியிருக்கா?” என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டு வைத்தார்.

“தேவலைங்க. மருந்துக்குக் கேக்குது.”

பதினொரு மணிக்கு வரவேண்டிய அதிகாரி ரோகிணி பத்துக்கே ஜீப்பில் வந்து இறங்கினார். அதற்குள் பூட்டைக் கழற்றிவிடலாம் என்றிருந்த திருமலைச்சாமிக்குத் திக்கென்றது. நல்லவேளை, மைதானத்துக்கு அந்தப் பக்கம் கழிப்பறையே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கிக் கிடந்தது.

“டாய்லெட்டைப் பிள்ளைங்க யூஸ் பண்றாங்களா சார்?”

“எந்நேரமும் தெறந்துதான் கெடக்கும் மேடம்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கூட்டம் தொடங்கியது. எல்லாருக்கும் கடையிலிருந்து டீ வந்தது. “சாருக்குன்னே கொண்டாந்ததுங்க” என்று ஜோதிமணி மூன்றாவது டம்ளரையும் அவர் கையில் திணித்தாள். அதிகாரி முன்னால் கிடைத்த மரியாதையில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

“பிள்ளைங்க வயிறும் மனசும் நெறைஞ்சாத்தான் பாடம் ஏறும்” என்று ரோகிணி பேசிக்கொண்டே போனார். திருமலைச்சாமிக்கு எதுவும் ஏறவில்லை. கால்மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார், பல்லைக் கடித்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்தது. ஒரு கட்டத்தில், “இதோ வந்துர்றேன் மேடம்” என்று எழுந்து ஓடினார்.

தைலமரக் காட்டுப் பக்கம் ஒதுங்கலாம் என்றால், அங்கே ஒரு காட்டுமாடு நின்று அவரையே பார்த்தது. திரும்பினார். வேறு போக்கிடம் இல்லை.

அவருடைய போதாத காலம், மேகமும் விலகிவிட்டது. கூட்டம் மொத்தமும் ஜன்னலுக்கு வந்தது. கழிப்பறை வாசலில் தலைமையாசிரியர் ஒற்றைக்காலில் குதித்தபடி தன் பேண்ட் பைக்குள்ளிருந்து சாவியை எடுத்தார். அது கீழே விழுந்தது. பொறுக்கினார். பூட்டைத் திறந்து உள்ளே பாய்ந்தார்.

வெளியே வந்தபோது எதிரில் ரோகிணி கையை நீட்டியபடி நின்றார். “எந்நேரமும் தெறந்து கெடக்கும்னு சொன்னீங்க?”

திருமலைச்சாமி சாவியையும் பூட்டையும் கொடுத்தார். “விளக்கம் எழுதிக்கிட்டு நாளைக்கு ஆபீசுக்கு வாங்க” என்றார் அதிகாரி. பின்னால் ஊரே நின்றது. தேவசேனாவைப் பார்த்துச் சிரித்த பையன்கள் இப்போது இவரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தேவசேனாவின் தோழிகள் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் ஜோதிமணியின் முன்னால் போய் நின்றார். அவமானத்தில் முகம் சிவந்து கிடந்தது. “உண்மையச் சொல்லு. அந்தச் சுக்குக் காப்பில என்னத்தக் கலந்த?”

ஜோதிமணி நிதானமாக பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“அது காப்பி இல்லைங்க சார். எம்மகளுக்கு நீர் பிரியக் காய்ச்சுன நெருஞ்சிமுள்ளுக் கஷாயம்.”