பீரோவுக்குள் செம்பருத்தி

"பீரோவைத் திறந்தது யாரு?"

மதுவந்தி போட்ட சத்தத்தில் அம்மா ஜலஜாவின் கையிலிருந்த காபி கொட்டியது. பெண் இன்னும் ஸ்கூல் பையைக்கூடக் கழற்றவில்லை.

இரண்டு நாளாக பீரோவுக்குள் வைத்து மூடியிருந்த செம்பருத்தித் தொட்டியைக் காணோம். அது பால்கனியில், வங்காளத்து டாலிகஞ்ச் வெயிலில் சுகமாக நின்றுகொண்டிருந்தது.

"நான்தான் வச்சேன்," என்றாள் வீட்டு வேலை செய்யும் மாலதி மாஷி, வங்காள மொழியில். "உயிருள்ளதை இருட்டுல அடைச்சா பாவமில்லையா?"

"நாளைக்குக் காலைல பயாலஜி பிராக்டிகல், மாஷி!" மதுவந்திக்கு அழுகை வந்துவிட்டது. "இலை முதல்ல வெளிச்சத்தைப் பிடிச்சு, தண்ணியை உடைச்சு, சக்தியைச் சேர்க்கும். அப்புறம் அந்தச் சக்தியால கார்பன் டை ஆக்ஸைடைச் சர்க்கரையாக்கும். மிச்சத்தை மாவுச்சத்தா சேர்த்து வச்சுக்கும். அந்த மாவு துளிகூட இல்லாத செடிதான் எனக்கு வேணும். ரெண்டு நாள் இருட்டுல இருந்தாத்தான் அது தீரும். எல்லாம் போச்சு!"

பத்தாம் கிளாஸ், இருபது மார்க். ஜலஜாவின் பயம் கோபமாக வெளியே வந்தது.

"உன்னை யாரு அதைத் தொடச் சொன்னா? ரெண்டு நாள் இருட்டுல இருந்தா செத்தா போயிடும்?"

மாஷி பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

"கோச்சுண்டு போறா. நாளைக்கு வரமாட்டா பாரு," என்று ஜலஜா புலம்பினாள். மதுவந்தி சாப்பிடவே இல்லை.

காலை ஏழு மணிக்குக் காலிங் பெல் அடித்தது. வாசலில் மாஷி. கையில் பெயின்ட் டப்பா, அதில் வெளிறிப்போன ஒரு செம்பருத்தி. வெயில் படக் கூடாதென்று முந்தானையால் மூடிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதை எடுத்துட்டுப் போம்மா."

ஜலஜாவுக்குச் சந்தேகம். "நேத்து சாயங்காலம்தானே உனக்கே தெரியும்? ஒரு ராத்திரி இருட்டு போதாது மாலதி. பொண்ணோட பரீட்சைல விளையாடாதே."

"காளிக்குப் பூ வைக்கலாம்னு வாங்கினேன், பௌதி," என்றாள் மாஷி ஜலஜாவிடம். "எங்க வீடு ரயில் லைன் ஓரத்துல; வெளியே வச்சா ஆடு மேஞ்சுடுது. அதான் ரூமுக்குள்ளே வச்சேன். ஜன்னல் கிடையாது."

"எத்தனை நாளா இருட்டுல இருக்கு, மாஷி?" மதுவந்தி பரபரத்தாள்.

"செடி நாலு நாளா. நாங்க பதினோரு வருஷமா."