மூடியில் நாலு கீறல்

பேரம் பேசாத ஆளைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். ஃபிஜித் தலைநகர் சுவாவில் என் கடையிலிருந்த உயர்ரக லேப்டாப்பை, கல்லூரியில் சேரும் மகள் லிட்டியாவுக்காக, நான் சொன்ன விலைக்கே வாங்கினார் வைசாலே.

"அண்ணே, மூடியில நாலு கீறல் போட்டுக் குடுங்க."

"புதுசுலயா?"

"பளபளன்னு இருந்தா சொந்தக்காரங்க கேப்பாங்க. கேட்டா மறுக்கிறது எங்க ஃபிஜி ஆளுங்க வழக்கத்துலயே கிடையாது."

மனசில்லாமல் கீறினேன்.

மறுவாரம் தலையில் கைவைத்தபடி வந்தார்.

"யாராச்சும் கேட்டுட்டாங்களா?"

"கேக்கல. ஐயோ பாவம், புள்ள ஓட்டை லேப்டாப்போட போகுதேன்னு எல்லாரும் சேர்ந்து புதுசு வாங்கிக் குடுத்தாங்க."

"நல்லதுதானே!"

"இனி ஓட்டை எதுக்குன்னு அதை மச்சான் மகன் தூக்கிட்டுப் போயிட்டான்."

"போகட்டும், புதுசு இருக்குல்ல?"

"அது பளபளன்னு இருந்துச்சேண்ணே. நேத்து அத்தை கேட்டுட்டாங்க."